நாகப்பட்டினத்தில் நான் காட்டிய படிக்கட்டு

எங்கள் மலேசியப் பக்கத்துத் தமிழர்கள் நாகப்பட்டினத்தைப் பார்ப்பதில்லை; கடந்து போகிறார்கள். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, திருநள்ளாற்றில் சனீஸ்வரனுக்கு எள்விளக்கு ஏற்ற விரையும் வழியில் அந்த ஊர் கிடக்கிறது. இரண்டு தெய்வங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊரை யார் கவனிப்பார்கள்? எங்கள் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேர் மலாயாவுக்குக் கப்பல் ஏறியது அங்கேதான். பேரப்பிள்ளைகளின் வேன் அங்கே நிற்பது சிறுநீர் கழிக்க மட்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரத்து அரசன் ஒருவன், அதாவது எங்கள் கெடா பக்கத்தவன், அந்த ஊரில் புத்த விகாரம் எழுப்பினான் என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே விகாரம் கட்டினார்கள். நாங்கள் ஒரு வேன் நிறையப் போய் என்ன கட்டினோம் என்றால், ஒரு பொய்யைக் கட்டினோம். கட்டியவன் நான். மற்றவர்கள் பாவம், வேனில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் ஈப்போவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரை எந்தக் கூட்டத்தில் விட்டாலும் சற்று நேரத்தில் அந்தக் கூட்டம் வரிசையாகிவிடும். தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலாவுக்கு ஆள் சேர்ந்தபோது யாரும் என்னைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கவில்லை. விமான நிலையத்தில் எல்லாருடைய கடப்பிதழையும், அதாவது பாஸ்போர்ட்டையும், நான் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கடப்பிதழ் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் தலைவன். எந்த நாட்டிலும் இதுதான் நடைமுறை.

கூட்டத்தில் என் மனைவியும் அவளுடைய அண்ணனும் இருந்தார்கள். எனக்கு அவன் மச்சான்; அவனுக்கும் நான் மச்சான். செமோர் பக்கத்தில் ரப்பர் விளையும் ஒரு கித்தாத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருந்த ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். எனக்குப் படிப்பு வந்தது, அவனுக்கு லாரி வந்தது. ஈப்போ மலைகளை உடைத்த சுண்ணாம்புக் கல்லைத் தாப்பா ஊருக்கும் அதற்கு அப்பாலும் ஏற்றிக்கொண்டு போவான். மலை குறைந்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று பெருமையாகச் சொல்வான். தோட்டத்தில் கித்தா போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது அங்கே வரிசை வீடுகள். லயம் இருந்த இடத்தில் யாரோ கார் கழுவுகிறார்கள்.

பயணத்துக்கு முன் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னென்ன கோயில், எந்த நாளில் எந்த ஊர் என்று விவரித்துக்கொண்டிருந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மச்சான், எனக்கு மதுரையும் வேணாம், பழனியும் வேணாம். நீ எங்க இழுத்துட்டுப் போனாலும் வாரேன். நாகப்பட்டினத்துல மட்டும் ஒரு மணி நேரம் வேனை நிப்பாட்டு. போதும் லா."

"அங்க என்னடா இருக்கு?"

"அம்மாவுக்குக் கோப்பி கொடுக்கணும்."

அவன் அம்மா, அதாவது என் மாமியார், சிறுமியாக ஒரு சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். சித்தப்பா வந்த சில மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார். எந்த ஊர், யார் வீடு என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. "உனக்கு எந்த ஊரு?" என்று யார் கேட்டாலும் அவள் சொல்லத் தெரிந்த ஒரே பெயர் நாகப்பட்டினம். மற்றவர்களுக்கு ஊர் என்றால் குளம், கோயில், பங்காளிச் சண்டை. அவளுக்கு ஊர் என்றால் ஒரு துறைமுகம், அதுவும் கிளம்பிப்போன துறைமுகம். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதெல்லாம் கோப்பி ஓ, பால் இல்லாத கறுப்புக் கோப்பி. டாக்டர் கோப்பியும் சீனியும் கூடாது என்றார். வாழ்நாளெல்லாம் போலீஸ்காரன் பேச்சைக்கூடக் கேட்காத மகன், டாக்டர் பேச்சைக் கேட்டுவிட்டான். அது அவனுக்குத் தொண்டையில் முள். அவளுடைய திதிக்கு வருடா வருடம் படத்துக்கு முன்னால் கோப்பி வைக்கிறான், ஆனாலும் அது இறங்கவில்லை. தமிழ்நாட்டு மண்ணில் அவள் கால் கடைசியாக மிதித்த இடத்தில் ஒருமுறை ஊற்றிவிட்டால் இறங்கும் என்று நினைத்தான்.

"கப்பல் ஏறுன எடம் உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டான்.

"தெரியாமல் என்ன? எல்லாம் படித்து வைத்திருக்கிறேன்" என்றேன்.

படிக்கவில்லை. விகாரத்தைப் பற்றிய ஒரு பத்தியைத் தவிர எதையும் படிக்கவில்லை. அவன் நம்பிவிட்டான். பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதியே தேறியவன். என் விடை தப்பாக இருக்கும் என்ற எண்ணம் அவனுக்கு வரவே வராது.

நாகப்பட்டினம் போன அன்று சனிக்கிழமை. வேளாங்கண்ணியில் தாமதமாகிவிட்டது. காரணம் நான்தான். கடற்கரையில் எல்லாரையும் நிற்க வைத்து, போர்ச்சுக்கீசியர் வருகையைப் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். வெயிலில் ஒருவருக்கு மயக்கம் வந்த பிறகுதான் முடித்தேன். வேன் நாகப்பட்டினத்தை நெருங்கும்போது பின் இருக்கையிலிருந்து ஈப்போ செட்டியார் வீட்டு ஆச்சி குரல் கொடுத்தார்.

"வாத்தியாரய்யா, மதியம் நடை சாத்திருவாக. ஏழரை வருசமா சனி என்னைப் பிடிச்சு உலுக்குது. இன்னைக்கு விட்டா எனக்கு வேற சனிக்கிழமை கிடையாது."

"அட ஆச்சி, சனி எங்கயும் ஓடாது லா" என்றான் மச்சான். "நம்மளை விட்டு அது என்னைக்குப் போயிருக்கு?"

"எங்க ஐயாவும் இந்த ஊர்லதான் கப்பல் ஏறினாக. அதுக்காக நான் இறங்கணும்னு சொல்றேனா? எங்க ஐயா மேல் தளத்துல, தனி அறையில போனாக."

"எங்கம்மா கீழ, ஆட்டுக்குப் பக்கத்துல. ஒரே கப்பலா இருந்திருந்தா, உங்க ஐயா சாப்பிட்ட கறி எங்கம்மாவுக்குத் தலகாணியா இருந்த ஆடுதான் ஆச்சி."

ஆச்சி சிரித்துவிட்டார். ஆனால் மற்றவர்கள் சிரிக்கவில்லை. சனீஸ்வரனுக்கு அஞ்சாதவர்கள் அந்த வேனில் நானும் மச்சானும் ஓட்டுநரும்தான். ஓட்டுநர் என் பக்கம் திரும்பி, "சார், துறைமுகத்துக்கு உள்ள விடமாட்டாங்க. பீச்சுப் பக்கம் போகணும்னா சுத்திக்கிட்டுப் போகணும். எங்க நிறுத்தட்டும்?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய வாய்க்கு அந்தச் சொல் பழக்கமில்லை. சாலையோரம் உப்பாறு ஒன்று ஓடியது. படகுகள் கட்டியிருந்தன. ஒரு பழைய சிமெண்டுக் கட்டடத்தின் பின்னால் நாலைந்து படிகள் தண்ணீருக்குள் இறங்கின. பாசி படிந்து, ஓரம் உடைந்து, பார்க்க நல்ல பழசாக இருந்தன.

"இங்கேதான்" என்றேன். "இதே படிதான். இதில் இறங்கித்தான் கப்பலுக்குப் போனார்கள்."

சொன்ன வேகத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. "பத்து நிமிடம்" என்று வேனுக்குள் அறிவித்தேன். ஒரு மணி நேரம் என்று அவனுக்குக் கொடுத்த வாக்கு அப்படிச் சுருங்கியது. என் மனைவிக்கு முழங்கால் வலி, அவள் இறங்கவில்லை. "அண்ணே, எனக்கும் சேர்த்து ஊத்து" என்று சன்னல் வழியாகச் சொன்னாள்.

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். பையிலிருந்து அம்மா குடித்த பீங்கான் மங்குக் குவளையை எடுத்தான். வீட்டு வேலியில் பறித்து, இரண்டு விமான நிலையத்தையும் ஏமாற்றிக் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்த செமோர் வெற்றிலையை எடுத்தான். வெற்றிலை விளையும் நாட்டுக்கே வெற்றிலை கடத்திய ஒரே மனிதன் அவனாகத்தான் இருப்பான். ஈப்போ கோப்பித்தூளைத் துணிப்பையில் போட்டு, பிளாஸ்கில் இருந்த வெந்நீரை ஊற்றினான்.

"என்னா மச்சான், இந்த நாத்தம் நாறுது?"

"மீன்" என்றேன். "துறைமுகம் என்றால் மீன்தானே."

அவன் தலையாட்டினான். மேல் படியில் வெற்றிலை பாக்கு புகையிலையை வைத்தான். குந்தி உட்கார்ந்து கோப்பியை மெல்ல ஊற்றினான்.

"அம்மா, கோப்பி. சீனி போடல. டாக்டரு வேணாம்னாரு."

காலியான குவளையைக் கீழே வைத்தான். பிறகு, "இனிமே என்னா டாக்டரு" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து சீனிப் பொட்டலத்தை எடுத்தான்.

அந்த நேரத்தில்தான் எனக்கும் இயற்கையின் அழைப்பு வந்தது. மறைவிடம் தேடிக் கட்டடத்தைச் சுற்றி முன்பக்கம் போனேன். கதவில் துருப்பிடித்த பூட்டு. ஒரு பக்கச் சுவரில் மீசை வைத்த ஆண், இன்னொரு பக்கத்தில் பொட்டு வைத்த பெண். மேலே வெளிறிய எழுத்தில் கட்டணக் கழிப்பிடம். எப்போதோ மூடிவிட்டிருந்தார்கள், ஆனால் அதை ஊர் மதிக்கவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பின்பக்கத்துப் படிகள் எதற்காகக் கட்டப்பட்டிருக்கும் என்று யோசிக்க எனக்குப் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை.

திரும்பி வந்தேன். அவன் சீனியைக் கலக்கி இரண்டாவது குவளையைக் கையில் வைத்திருந்தான். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்போது சொல்லியிருக்கலாம். "எழுந்திருடா, இடம் தப்பு, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று சொல்லி, ஓட்டுநரைக் கடற்கரைக்குத் திருப்பச் சொல்லியிருக்கலாம். பிளாஸ்கில் வெந்நீர் மிச்சம் இருந்தது. வேனில் இருந்தவர்கள் முணுமுணுத்திருப்பார்கள், ஆச்சி சனியின் பெயரால் சபித்திருப்பார். அதற்கு மேல் என்ன ஆகியிருக்கும்? ஆனால் எல்லார் முன்னாலும் தலைமையாசிரியர் கழிப்பறையைக் கப்பல்துறை என்று காட்டினார் என்று ஆகியிருக்கும். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். அவன் ஊற்றினான். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். கூடச் சேர்ந்து கும்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருநள்ளாற்றில் அன்று கூட்டம் அதிகம் என்று மதியம் நடையைச் சாத்தவே இல்லை.

ஈப்போ திரும்பிய பிறகு மச்சான் வேறு ஆளாகிவிட்டான். தொண்டை முள் இறங்கிவிட்டது. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அந்தப் படிக்கட்டைப் பற்றியே பேச்சு. சொல்லச் சொல்லப் படிகள் வளர்ந்தன. முதலில் சிமெண்டு என்றான், பிறகு கருங்கல் ஆயிற்று, பிறகு வெள்ளைக்காரன் காலத்து இரும்பு வளையம் ஒன்றும் முளைத்தது. "நம்ம மச்சான்தான் கரெக்டாக் காட்டுனான். படிச்சவன்னா படிச்சவன்தான் லா" என்று ஒவ்வொரு தடவையும் என் தோளில் தட்டுவான். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில், அந்தப் படியில் அவன் உட்கார்ந்திருக்கும் படமும் தொங்கியது. எடுத்தது நான்தான். நல்ல வெளிச்சம்.

குற்ற உணர்ச்சியில் நூலகத்துக்குப் போய், முன்பே படித்திருக்க வேண்டியதை அப்போது படித்தேன். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வருவதே இல்லையாம். ஆழம் போதாது. கப்பல் தூரத்தில் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். ஆக, கப்பல் ஏறிய படி என்று ஒன்று அங்கே எந்தக் காலத்திலும் இல்லை. தப்பான படியைக் காட்டினேன் என்று வருந்திக்கொண்டிருந்தேன். இல்லாத படியைக் காட்டியிருக்கிறேன்.

இருந்தும் சொல்லவில்லை. அவன் நிம்மதியாகத்தானே இருக்கிறான், கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் கருணை வேடம் போட்டுக்கொண்டு வரும்போது அதைப் போல அழகான ஒன்று உலகத்தில் இல்லை.

பிறகு ஒருநாள் அவனே வந்து சொன்னான்: "மச்சான், டிசம்பர் லீவுல பேரப்புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன். அந்தப் படியில அவங்க கையால ஊத்தட்டும். நம்ம காலத்துக்கப்புறம் அவங்க செய்யணும்ல?"

அதற்கு மேல் முடியவில்லை. அந்தக் குழந்தைகள், அவர்கள் குழந்தைகள் என்று ஒரு வம்சமே கழிப்பறைப் படிக்கு யாத்திரை போவதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் அவனைப் பழைய ஈப்போவில் சீனன் கோப்பிக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தான். ரொட்டி சுடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"அந்தப் படி..." என்று தொடங்கினேன்.

"என்னா, இடிச்சிட்டானுங்களா?"

"இல்லடா. அது கப்பல் படி இல்ல."

"பின்ன?"

"கக்கூஸுப் படி."

அவன் கடகடவென்று சிரித்தான். பக்கத்து மேசைச் சீனக் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே. முன்பக்கம் போனேன்ல, அப்ப."

"நான் சீனி போட்டப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டாவது மங்கு ஊத்துனேனே. நீ பக்கத்துல நின்னு கும்பிட்டியே மச்சான்?"

"கும்பிட்டேன்."

கோப்பி வந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"தெரியாமக் காட்டியிருந்தா பரவால்ல" என்றான் மெதுவாக. "நானும்தான் எத்தனையோ தடவை தப்பு ரோட்டுல லாரிய விட்டிருக்கேன். தப்பு ரோடுன்னு தெரிஞ்சப்புறம் எவனாச்சும் ஓட்டிக்கிட்டே இருப்பானா? அதுவும் எங்கம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு?"

நான் நூலகத்தில் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கப்பல் கரைக்கு வராது, படகில்தான்... அவன் கையைக் காட்டினான்.

"போதும் சார்" என்றான்.

அறுபது எழுபது வருடத்தில் அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிப் போனான். ரொட்டி அப்படியே இருந்தது. அதை நான் தின்றேன். ஏன் தின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. துக்கத்தில் பசிக்கும் சாதி போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவுக்கா? கக்கூஸுலயா?"

"தெரியாமல்தான் முதலில்..."

"அந்தம்மா கையால தின்னுட்டுத்தானே நீங்க பரீட்சை எழுதுனீங்க?"

அதோடு சரி. சண்டை போடவில்லை. சண்டை போடும் மனைவியோடு வாழ்வது எனக்குப் பழக்கம். பேசாமல் சோறு போடும் மனைவியோடு வாழ்வதற்குப் பயிற்சி இல்லை. மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அவன் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது என்று என் மகன் சொன்னான். தீபாவளிக்கு மச்சான் முறுக்கு அனுப்பினான். தங்கைக்கு என்று சொல்லி அனுப்பினான்.

டிசம்பரில் அவன் போனான். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனான். முழங்கால் வலியோடு என் மனைவியும் கூடப் போனாள். "நான் வரட்டுமா?" என்று கேட்டேன். "உங்களுக்கு அங்க என்ன வேலை?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன். விமான நிலையத்துக்குப் பேருந்து பிடிக்க அவர்களைப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். கடப்பிதழ்கள் மச்சானின் பையில் இருந்தன. அவன் என்னைப் பார்க்காமல் சாமான்களை ஏற்றினான்.

நான்கு நாள் கழித்து, நான் ரசத்தைக் கருக்கிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வாட்ஸ்அப்பில் மனைவி படத்தோடு அழைத்தாள். முதலில் அவள் காது தெரிந்தது. அப்புறம் வானம். அப்புறம் போனைத் திருப்பினாள்.

மணல். அலை. பேரப்பிள்ளைகள் இருவரும் கணுக்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். படி இல்லை, கட்டடம் இல்லை, தூரத்தில் இரண்டு மீன்பிடிப் படகுகள். மச்சான் முழங்காலுக்கு மேல் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, கையில் குவளையோடு நின்றான். பெரிய அலை ஒன்று வந்து சுருட்டியதையும் நனைத்துவிட்டுப் போனது. பேத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சாய்த்து ஊற்றினார்கள். கறுப்பாக விழுந்தது, உடனே காணாமல் போயிற்று.

"தெரியுதாங்க?" என்றாள் மனைவி. பல மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் வழக்கமான சூடு இருந்தது.

"தெரியுது."

மச்சான் இந்தப் பக்கம் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்டான்: "அந்த ஹெட்மாஸ்டர்கிட்ட கேளு, இதாச்சும் கடலான்னு."

பிள்ளைகள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், போன் குலுங்கியது.

"கடல்தான், மச்சான்" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லச் சொல்லு."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். நல்லாப் பார்த்தேன்.